வாலில் வைத்த மை

“பிறவியில வந்த பயம் போகுமா மேடம்?” என்று கேட்டாள் வேதநாயகி.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மூளை ஆராய்ச்சிக்கு வந்தவள் அவள். அவளுடைய வழிகாட்டி சபீனா அவளைவிடப் பத்து வயது இளையவர். சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“யாருக்குப் பயம்?”

“அல்லிக்கு. ஃபேனைப் போடக் கையைத் தூக்கினாக்கூட கட்டிலுக்கடியில ஓடிடுறா. பெத்தவளும் இப்படித்தானாம். ரத்தத்துலயே இருக்குது, நம்மால ஆகாதுன்னு சொல்லி, நாளைக்கே குழந்தைகள் இல்லத்துல திருப்பி விடப்போறார் என் வீட்டுக்காரர்.”

தத்தெடுக்க என்று அழைத்து வந்த குழந்தை. நாலு வயது.

சபீனா ஓர் எலிக்கூண்டை இழுத்து முன்னால் வைத்தார்.

“மிரண்ட எலி ஒண்ணு குட்டிகளை நக்காம கிடந்ததே, அதோட குட்டியை இந்தத் தாய் எலிகிட்ட விட்டீங்களே. அதை எடுங்க.”

“அடையாளத்துக்கு வால்ல மை வெச்சிருக்கேன் மேடம்.”

ஒவ்வொரு குட்டியாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு வாலிலும் மை இல்லை. தாய் எலி அவள் விரலை மூக்கால் தள்ளிவிட்டுக் குட்டிகளை நக்கத் தொடங்கியது.

“எது இவளோடது, எது வந்ததுன்னே தெரியல மேடம்.”

“அவளுக்கும் தெரியல.”

பிறகு கணினியைத் திருப்பினார்.

“இது முன்னால கூடு மாறி வளர்ந்த ஒரு குட்டியோட மூளை. பக்கத்துல அதோட கூடப்பிறந்தது. அது நக்காத பெத்தவகிட்டயே வளர்ந்தது.”

பயத்தை அடக்கும் மரபணு இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். கூடப்பிறந்ததில் அதன்மேல் மீத்தைல் என்னும் வேதிப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. மரபணு வாயைத் திறக்கவில்லை. கூடு மாறியதில் புள்ளிகள் பெரும்பாலும் இல்லை. மரபணு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது.

“எழுத்து மாறவே இல்லையே!”

“இல்ல.”

“அப்போ இந்தப் புள்ளியெல்லாம்… அவ நக்கினதுலயா போச்சு?”

சபீனா தலையசைத்தார்.

வேதநாயகிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனூண்டு நாக்கு, மண்டை ஓட்டைத் தாண்டி அவ்வளவு ஆழத்துக்கா போயிற்று! கைகூப்பத் தோன்றியது அவளுக்கு.

“அல்லிக்கும் இப்படி ஆகுமா மேடம்?”

“நான் எலியைத்தான் பார்த்திருக்கேன் அக்கா.”

வேதநாயகி கூண்டைப் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“அல்லியை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க. நான் வந்து அவளுக்கு எண்ணெய் தேய்ச்சுத் தலைக்கு ஊத்தணும்.”