கேட்டும் கேளாத ஊர்

முன்னொரு காலத்திலே, காற்றுகூடத் தன்னைக் கேட்டுத்தான் திசை மாறவேண்டும் என்று நினைத்த மன்னன் ஒருவன் செம்பாறை நாட்டை ஆண்டு வந்தான். பெயர் மாறவேள். ஒரு கோடையில் தலைநகரம் கொதித்தது. மன்னனின் முகக்குறிப்பு அறிந்து பேசும் வயிரமேகன் என்னும் அவையோன் மெல்லத் தொடங்கினான்.

"அரசே, உப்பங்கழிக் கரையில் புன்னைத்துறை என்றொரு சிறுநகரம். குளிர்ந்த காற்று, துள்ளும் மீன். தலைநகரத்தை அங்கே மாற்றிவிட்டால் என்ன?"

"அமைச்சரே, உம் கருத்து?"

அமைச்சர் நல்லியக்கன் தலை தாழ்த்தினார். "ஒரு மாலைக் காற்றை வைத்து ஓர் ஊரை எடைபோட இயலாது, அரசே. வாழ்ந்து பார்த்தவருக்கே அதன் நிறைகுறை தெரியும்."

"அப்படியானால் அமைச்சரே வாழ்ந்து பார்க்கட்டுமே," என்றான் வயிரமேகன். அமைச்சர் இருக்கையின் மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

மன்னனுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "போய் வாரும். மழைக்காலம் முடிந்ததும் வருவேன். அவ்வூரின் நன்மையையும் தீமையையும் ஒரே பொருளில் எனக்குக் காட்டவேண்டும். காட்டினால் வீடு திரும்பலாம். இல்லையேல் அங்கேயே இரும்."

நல்லியக்கனின் மனைவி கோபித்துக்கொண்டு உடன் வரவில்லை. புன்னைத்துறையார், பதவிக்கு ஏற்ற இடமென்று, ஊருக்கு எதிர்க்கரையில் இருந்த தனி மாளிகையை அவருக்கு ஒதுக்கினார்கள். காற்று குறைவில்லாமல் வந்தது. மீன் துடிக்கத் துடிக்க வந்தது. உப்பேறிக் கதவுக் கீல்கள் துருப்பிடித்தன. பேச்சுத் துணைக்குத்தான் ஆள் இல்லை.

பொழுது சாய்ந்து கழி அசைவற்றுக் கிடக்கும்போது, அக்கரை வீடுகளின் பேச்சு முழுவதும் நீர்மேல் தவழ்ந்து அவர் வாசலுக்கு வரும். பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல் இருக்கும். ஒருநாள், "குழம்பில் உப்பே இல்லை" என்று ஒருவன் குறைகூற, "கழியில் தோய்த்துத் தின்னும்" என்றாள் அவன் மனைவி. நல்லியக்கன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அக்கரை சட்டென்று அடங்கிப்போயிற்று.

மறுநாள் மீன் கொண்டுவந்த முத்தரசி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, இங்கே எல்லார் பேச்சும் எல்லாருக்கும் கேட்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. அப்படி இருந்தால்தான் இந்த ஊரில் குடியிருக்க முடியும். மறைக்கவேண்டியது இருந்தால் கழியை விட்டுத் தள்ளி, வயல்பக்கம் போய்ப் பேசுவோம்."

அன்றுமுதல் அவரும் சிரிப்பதில்லை. ஊர் முழுவதும் காதருகே இருந்தது; ஒரு சொல்லுக்கும் மறுமொழி சொல்ல உரிமையில்லை.

மழைக்காலம் கழிந்து மன்னன் வந்தான். "வயிரமேகரே, நீர்க்காற்றை விரும்புகிறவர் நீங்கள். அக்கரைப் படித்துறை வீடு தங்களுக்கே," என்றார் நல்லியக்கன். மன்னனைத் தம் வாசலில் அமர்த்தினார்.

அரண்மனையில் சுவருக்குக் காது உண்டு என்று அஞ்சி வாழ்ந்தவன் வயிரமேகன். அந்தி மங்கியதும், சுவரே இல்லாத படித்துறையில் தன் பணியாளோடு நிம்மதியாக அமர்ந்தான்.

"நாளைக்கு அந்த அமைச்சர் எதைக் காட்டினாலும் நான் முகத்தைச் சுளித்தால் போதும்," என்றது நீர்மேல் வந்த அவன் குரல். "நம் மன்னர் தம் மனத்தை என் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். அமைச்சர் இங்கேயே உப்பில் ஊறட்டும்."

மன்னன் துள்ளி எழுந்து வாய் திறந்தான். நல்லியக்கன் கையமர்த்தினார். "கேட்டதாகக் காட்டலாகாது, அரசே. இவ்வூர் வழக்கம்."

வாழ்நாளில் முதன்முறையாக மன்னன் ஒரு சொல்லை விழுங்கினான். தாழ்ந்த குரலில் கேட்டான்: "இத்தனை மாதமும் நீர் இப்படியா இருந்தீர்?"

"ஆம் அரசே. நன்மையும் இதுதான். தீமையும் இதுதான்."

மறுநாள் அவையில் வயிரமேகன் முகத்தைச் சுளித்தான். மன்னன் அதை உற்றுப் பார்த்தான். "நேற்று படித்துறையில் ஒத்திகை பார்த்ததைவிட இன்று சற்று மட்டம், வயிரமேகரே."

அவன் நிறம் மாறியது. தலைநகரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அமைச்சர் இருந்த எதிர்க்கரை மாளிகை வயிரமேகனுக்கு ஆனது. மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி நல்லியக்கனுக்கு அணிவித்து, வீடு திரும்ப விடைகொடுத்தான்.

புறப்படும்போது தோணித்துறையில் முத்தரசி நின்றிருந்தாள்.

"ஊரை விட்டுப் போகிறவரிடம் சொல்லலாம், தப்பில்லை," என்றாள். "வீட்டிலே அம்மாவை இனிமேல் ரொம்பக் கெஞ்சவேண்டாம், ஐயா. அந்தியில் தனியாக உட்கார்ந்து நீங்கள் அவருக்குச் சொன்ன சமாதானத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு எங்களுக்கே கோபம் ஆறிவிட்டது."

அவையில் எதற்கும் விடை வைத்திருந்தவர், கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் தோணியில் ஏறினார். தோணி நகர்ந்தது.