குறுக்கே பேசக் கூடாது

எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செண்பகவல்லியிடம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அவர் விளக்கம் சொல்ல மாட்டார். கேள்வி கேட்டால் ஏதாவது செய்வார். செய்தது புரிந்தால் புரிந்தது, இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு மைக்செட் கடைக்கு மேலே அவர் வீடு. கீழே யாராவது “ஹலோ, ஹலோ” என்று மைக்கைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே அவர் பாட்டுக்கு நாவல் எழுதிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் கற்றுக்கொள்ள வருவார்கள். அவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். டீச்சரைவிட அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. ஆனாலும் அவர்தான் சீடர். அவர் ‘டீச்சர்’ என்பார், அந்தம்மா ‘அண்ணாச்சி’ என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சல் கிடையாது.

ஆவுடையப்பனுக்கு ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது. எழுத்துதான் பிழைப்பு. கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சிறப்பு மலர், கட்சிக்காரருக்கு மேடைப்பேச்சு என்று யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். அதற்கு நடுவில் தனக்கென்று எழுதியது ‘கண்டக்டர் கோமதி’ கதைகள். கோமதி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். விசிலை வாயில் வைத்தபடியே பஸ்ஸுக்குள் நடக்கிற திருட்டையும் புரட்டையும் கண்டுபிடித்துவிடுவாள். வாரப் பத்திரிகையில் கோமதி வந்தால், சலூனில் அந்தப் பத்திரிகைக்குச் சண்டையே நடக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முதல் ஆள். கையில் கேசரி டப்பா.

“என்ன அண்ணாச்சி, விசேஷமா?”

“கோமதி புத்தகமா வரப் போறா டீச்சர். ஜங்ஷன்ல பதிப்பகம் வச்சிருக்காருல்லா ராஜாமணி, அவரே கூப்பிட்டுக் கேட்டாரு. வீட்ல சந்தோசம் தாங்காம கேசரி கிண்டிட்டா.”

“ரொம்ப சந்தோசம். பெறகு ஏன் முகம் இப்படிக் கெடக்கு?”

ஆவுடையப்பன் பைக்குள்ளிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். செண்பகவல்லி ஒரு வரி விடாமல் படித்தார்.

“நீங்க படிச்சீங்களா?”

“படிச்சேன். அதனாலதான் தூக்கம் போச்சு. மொத்தமும் அவங்களுக்காம் டீச்சர். புத்தகம், வேற மொழி, சினிமா, காதுல கேக்குற புத்தகம், எல்லாம். எத்தனை வருசம்னு இல்ல, என்னைக்கும். அதுகூடப் போகட்டும். கோமதியே அவங்களுக்குத்தான் சொந்தமாம். இனிமே அவளப் பத்தி நான் ஒரு வரி எழுதணும்னாலும் அவங்ககிட்ட கேக்கணும்.”

“அப்ப மாத்தச் சொல்லுங்க.”

“அதான் வர மாட்டேங்கு. கட்சிக்காரருக்கு எழுதிக் குடுத்தா மைதானமே கைதட்டுது. எனக்குன்னு ஒண்ணு கேக்கணும்னா மட்டும் வாயில கொழுக்கட்டை. கேட்டு, ‘அப்ப புத்தகமே வேண்டாம்’னு சொல்லிட்டாருன்னா? இன்னொருத்தர் என்னைத் தேடி வருவாரா?” நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “எழுதுறவன் தனக்கு நியாயமானத எப்படி டீச்சர் கேட்டு வாங்குறது? அத மட்டும் சொல்லிக் குடுங்க.”

செண்பகவல்லி கேசரியிலிருந்து முந்திரியை மட்டும் தேடி எடுத்துத் தின்றார்.

“நான் வந்து பேசட்டுமா?” என்றார்.

ஆவுடையப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. “நீங்க பேசினாப் போதும் டீச்சர்! எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்!”

“ஒரே ஒரு நிபந்தனை. நான் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.”

“நானா? குறுக்கேயா? எனக்கு நேராவே பேச வராதே!”

“சத்தியமா?”

“கோமதி மேல சத்தியம்.”

மறுநாள் இருவரும் பஸ் ஏறி, ஜங்ஷனில் ஒரு மாடியில் இருந்த பதிப்பகத்துக்குப் போனார்கள். ராஜாமணி கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆவுடையப்பனைவிடச் சின்னவர், சிரித்த முகம், கோமதி கதைகளை வரி வரியாகச் சொல்லுவார். ஒப்பந்தத்தை எழுதியது அவருடைய வக்கீல் மச்சான். வருகிற எல்லா எழுத்தாளர்களுக்கும் அதே காகிதம்தான், பெயர் மட்டும் மாறும். இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காததால் அவரும் யோசித்ததில்லை.

டீ வந்தது, உளுந்த வடை வந்தது.

“ஒப்பந்தத்தப் பத்திப் பேசணும்னு சொன்னாரு அண்ணாச்சி” என்றார் ராஜாமணி.

“ஆமா. அவருக்காக நான் பேசுதேன்” என்றார் செண்பகவல்லி. “வேற மொழி உரிமைன்னு போட்டிருக்கீங்க.”

ராஜாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆவுடையப்பன் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எடுத்துக்கிடுங்க” என்றார் செண்பகவல்லி.

ஆவுடையப்பன் வடையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“சினிமா உரிமை. அதையும் எடுத்துக்கிடுங்க. அண்ணாச்சி தியேட்டர் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு, அவருக்கெதுக்கு அது?”

“சரி…” என்றார் ராஜாமணி.

“என்னைக்கும்னு போட்டிருக்கு. போட்டது போட்டபடி இருக்கட்டும். புத்தகம் விக்காமக் கெடந்தாலும் உங்ககிட்டயே கெடக்கட்டும். வருசா வருசம் எத்தனை வித்துச்சுன்னு சொல்லணும்னு இதுல இல்ல. நல்லதாப் போச்சு, சொல்லவே வேண்டாம்.”

ஆவுடையப்பன் மேசைக்கடியில் டீச்சரின் சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தார். அவர் தலைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அடுத்து எழுதப் போறதும் உங்களுக்கே இருக்கட்டும்” என்றார். “அதுக்கடுத்ததும்.”

“அது நான் கேக்கவே இல்லையே!” என்றார் ராஜாமணி.

“கேக்காட்டி என்ன? வச்சுக்கிடுங்க.”

ராஜாமணியின் முகத்தில் சிரிப்பு குறைந்தது. காகிதத்தைப் பார்த்தார், ஆவுடையப்பனைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. இந்தக் கதையெல்லாம் நீங்க எழுதினதுதானே?”

ஆவுடையப்பன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்ல, இப்படி வாரிக் குடுத்தா யாருக்கும் ஒரு சந்தேகம் வரும்லா? நாளைக்கு வேற யாராவது வந்து, இது என் கதைன்னு வழக்குப் போட்டா நான் எங்க போய் நிக்க? ஒண்ணு செய்வோம். அவசரம் இல்ல. கொஞ்ச நாள் போகட்டும்.”

எதைக் கேட்டால் புத்தகம் போய்விடுமோ என்று ஆவுடையப்பன் பயந்தாரோ, அதையெல்லாம் கேட்காமலேயே புத்தகம் கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்தது. ஐயோ பாவம், மனிதர்! ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்திருக்கிறாரே!

“சந்தேகமே வேண்டாம், அவர் எழுதினதுதான்” என்றார் செண்பகவல்லி. “கடைசியா ஒண்ணு இருக்கு. கோமதி. அவளையும் எடுத்துக்கிடுங்க. நீங்க என்ன வேணும்னாலும் செய்யலாம். பிடிக்கலைன்னா பஸ்ஸ விட்டு எறக்கிக்கூட விட்டுரலாம்.”

ராஜாமணிக்குத் திரும்ப உற்சாகம் வந்துவிட்டது. “எம் மனசுல இருந்தத அப்படியே சொல்லிட்டீங்களே டீச்சர்! ஒரு டிவிக்காரர் கேட்டாரு. கண்டக்டர் எல்லாம் வேண்டாம், காலேஜ் பொண்ணா மாத்திருவோம்னாரு. ஸ்கூட்டி ஓட்டுற மாதிரி…”

“கோமதி எறங்க மாட்டா!”

கீழே ரோட்டில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவ்வளவு சத்தம். ஆவுடையப்பன் எழுந்து நின்றிருந்தார். கையிலிருந்த வடை எங்கே போய் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஸ்கூட்டியா? தம்பி, அவ யாருன்னு நெனைச்சீங்க? அச்சகத்துல என் வேலை போன சமயம். வீட்ல சொல்லப் பயந்துட்டு, தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுக் காலைல கெளம்பி டவுன் பஸ்ல ஏறிருவேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன், அதே பஸ்ல திரும்பி வருவேன். சாயங்காலம் வரைக்கும் அதான் எனக்கு ஆபீஸ். அந்த பஸ்ல உக்காந்து ஒவ்வொரு மூஞ்சியா பாத்துப் பாத்து உண்டாக்கினவ அவ. அவ விசில் அடிச்சுத்தான் என் குடும்பமே நகந்துச்சு. அவள எறக்குதீங்களா?”

செண்பகவல்லி இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒப்பந்தத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“முதல்லருந்து வருவோம் தம்பி” என்றார். ராஜாமணியை அதுவரை முதலாளி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் எப்போது தம்பிக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. “தமிழ்ப் புத்தகம் உங்களுக்கு. அஞ்சு வருசம். அதுக்கப்பறம் ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தாத் தொடருவோம். நடுவுல புத்தகம் தீந்துபோயி ஒரு வருசம் அச்சுல இல்லன்னா, என்கிட்ட திரும்பி வந்துரணும்.”

“ஒரு வருசம் பத்தாது அண்ணாச்சி. பேப்பர் விலை ஏறிக் கெடக்கு. ரெண்டா வைங்க.”

“ரெண்டு வருசம். சரி. வருசா வருசம் எத்தனை அடிச்சீங்க, எத்தனை வித்துச்சுன்னு எனக்கு எழுத்துல தரணும். அதுல குறைக்க மாட்டேன்.”

“தாரேன்.”

“வேற மொழி, சினிமா, அது என்னோடது.”

“ஒலிப்புத்தகமாவது குடுங்க. ரெக்கார்டிங் ரூம் கட்டிப் போட்டிருக்கேன், சும்மா கெடக்கு.”

“எடுத்துக்கிடுங்க. வாரதுல பாதி எனக்கு.”

“பாதியா!”

“வாசிக்கப் போறது என் கோமதியல்லா?”

ராஜாமணி சிரித்துவிட்டார். “சரி, பாதி.”

இப்படியே போயிற்று. ஒன்றை இவர் விட்டார், ஒன்றை அவர் விட்டார். பேனா மேலும் கீழும் ஓடியது. கடைசியில் கோமதி மட்டும் மிச்சம் இருந்தாள்.

“அவள மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி” என்றார் ராஜாமணி. இப்போது அவர் சிரிக்கவில்லை. “டிவிக்காரர்கிட்ட நான் பாதி பேசி முடிச்சாச்சு. அந்த ஷரத்து இல்லன்னா எனக்குப் புத்தகமே வேண்டாம்.”

அவ்வளவுதான். எந்த வார்த்தையைக் கேட்டுவிடுவோமோ என்று பயந்து ஆவுடையப்பன் தூங்காமல் கிடந்தாரோ, அதே வார்த்தை. வந்தே விட்டது.

அவர் பேனாவை மூடினார். கதைக் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். வீட்டில் கேசரி கிண்டியவளின் முகம் நினைவுக்கு வந்து கண் கலங்கியது. துடைத்துக்கொண்டார்.

“டீக்கும் வடைக்கும் சந்தோசம் தம்பி. வாரேன்” என்று படியிறங்கப் போய்விட்டார்.

ராஜாமணி திகைத்துப்போய் செண்பகவல்லியைப் பார்த்தார். “டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. அவருக்காகப் பேச வந்தது நீங்கதானே?”

“என்னால குடுக்க முடிஞ்சத எல்லாம் நான் குடுத்துட்டேன்” என்றார் செண்பகவல்லி. “இது அவர்கிட்டதான் கேக்கணும்.”

ஆவுடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து கூப்பாடு வந்தது.

“அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி, ஏறி வாங்க! உங்களுக்கு மூக்குமேல கோவம்! டிவிக்காரர் கெடக்காரு. அவர்கிட்ட நான் வேற ஏதாவது சொல்லிக்கிடுதேன். அவ எறங்க வேண்டாம், நீங்க ஏறி வாங்க!”

திருத்தியதை டைப் அடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. கோமதி ஆவுடையப்பனுக்கே சொந்தம் என்று அதில் தெளிவாக இருந்தது. அவளை யார் எதற்குக் கேட்டு வந்தாலும் அவர் சம்மதம் வேண்டும் என்றும் இருந்தது. ராஜாமணி வாசல்வரை வந்தார்.

“இப்பத்தான் எனக்கு நிம்மதி” என்றார். “இவ்வளவு சண்டை போடுதவரு நிச்சயமாத் தானே எழுதினவராத்தான் இருக்கணும்.”

பஸ் ஸ்டாப்பில் ஆவுடையப்பன் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டார். சிரிப்பு தானாக வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சட்டென்று ஒன்று உறைத்தது.

“டீச்சர், சத்தியத்த மீறிட்டேனே. குறுக்கே பேசிட்டேன்.”

“கேட்டுது. ரோட்டுக்கே கேட்டுது.”

“மன்னிச்சிருங்க. நீங்க ஏதோ கணக்காத்தான் அப்படிப் பேசியிருப்பீங்க. நான் வாயத் தொறக்கலைன்னா கடைசில எப்படியும் காப்பாத்தியிருப்பீங்க, இல்லையா?”

செண்பகவல்லி பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல அண்ணாச்சி. குடுத்திருப்பேன்.”

“கோமதியையுமா?”

“கோமதியையும்தான். அவ என்னோடவளா என்ன?”