டிரான்சிஸ்டர் சூடாகாமல் குஞ்சு பொரித்த கதை

ஆவாரங்குளத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பொன்னுரங்கத்துக்கு மூளை உண்டு. அதைத் தேய்ந்துவிடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். கூட வேலை பார்த்த சடையாண்டியும் கொடியரசும் அந்த விஷயத்தில் அவரையே மிஞ்சியவர்கள்.

அவர் மனைவி செல்லக்கிளியின் கருங்கோழியைக் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு வாரமாக அடையில் இருந்த பதினொரு முட்டையும் அநாதையாகிவிட்டன.

"பெரிய மெக்கானிக்குல்ல? மிஷின் வெச்சுப் பொரிச்சுக் காட்டுங்க. ஒரு முட்டை கெட்டாலும் வீட்டுப் பக்கம் வந்துராதீங்க" என்றாள்.

பொன்னுரங்கம் உடனே வேலையில் இறங்கினார். ஒரு பெட்டி செய்து, உள்ளே பல்பு மாட்டி, அதன் சூட்டைக் கூட்டிக் குறைக்க மூன்று கால் உள்ள ஒரு சின்ன டிரான்சிஸ்டரும் போட்டார். கால்மணி நேரத்தில் டிரான்சிஸ்டர் தொட முடியாதபடி சுட்டது. அதை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"லோடைப் பாதியாக் குறைங்கய்யா, அப்பதான் தாங்கும்."

பாவம், அவர் சொன்னது பல்பை. மூவரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள இருக்கிற லோடு முட்டைதாண்ணே" என்றான் சடையாண்டி.

"பதினொண்ணுல பாதி அஞ்சரை. அரை முட்டையை எப்படிடா எடுக்கிறது?"

நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு மளிகைக் கடையில் ஒரு முட்டை வாங்கிப் பன்னிரண்டாக்கி, ஆறை வெளியே எடுத்தார்கள். அவை ஆறிவிடக் கூடாதென்று சடையாண்டி துண்டில் வைத்து வயிற்றோடு கட்டிக்கொண்டான்.

டிரான்சிஸ்டர் அப்போதும் சுட்டது. மறுபடி போன்.

"அலுமினியத் தகட்டுல இறுக்கி வைங்க. ஆறுற வரைக்கும் கரண்டே குடுக்காதீங்க!"

சாப்பாட்டுத் தட்டில் இறுக்கி, சுவிட்சை அணைத்தார்கள். ஆறிவிட்டது.

"கரண்ட் குடுப்பமாண்ணே?" என்றான் கொடியரசு.

"குடுத்தா மறுபடி சுடுமேடா!"

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. மிச்ச ஆறு முட்டையைப் பொன்னுரங்கம் தன் வயிற்றில் கட்டிக்கொண்டார். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்து அடக்கினார். கொடியரசு மட்டும் குஞ்சு பொரிக்க மிச்சமிருந்த இரண்டு வாரமும் டிரான்சிஸ்டருக்கு விசிறியால் வீசிக்கொண்டே இருந்தான்.

பதினொரு குஞ்சும் பொரித்தன; மளிகைக் கடை முட்டை மட்டும் முட்டையாகவே இருந்தது. செல்லக்கிளி வாயெல்லாம் பல்லாக நின்றாள். பொன்னுரங்கத்துக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

"ஆறுனதுக்கப்புறம் ஒரு தடவைகூடச் சுடலை, கிளி. தொட்டுப் பாரு, ஜில்லுனு இருக்கு!"

மறுநாள் ஊரே முட்டைக் கூடையோடு கடை வாசலில் நின்றது. பொன்னுரங்கம் கூடைகளை எண்ணினார், கடைக்குள் இருந்த வயிறுகளையும் எண்ணினார், டிரான்சிஸ்டர் விற்ற கடைக்காரரைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, பெரிய ஆர்டர் வந்திருக்கு. டிரான்சிஸ்டர் வேணாம், அது புதுசு மாதிரியே இருக்கு. நல்ல தொந்தி உள்ள ஆளா ஒரு நாலு பேரை அனுப்புங்க."