முத்திரை இல்லாத அரண்மனை

முன்னொரு காலத்தில் குமுத நாடு என்றொரு நாட்டைக் கனகவேல ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நீட்டிய ஓலையையெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகு, சட்டம் என்றால் எனக்கும் ஒன்றுதான், குடிமகனுக்கும் ஒன்றுதான் என்று மார்தட்டிக்கொள்வார்.

அந்தக் கையெழுத்தை வைத்துப் பிழைத்தவர் சட்டாதிகாரி விருபாட்சர். அவருடைய மைத்துனர் தலைநகரில் தாழங்குடை செய்து விற்றார். நாலு தூறலுக்கே ஒழுகுகிற குடை. பக்கத்துத் தெருவில் செங்கமலம் என்பவள் எட்டுப் பெண்களை வேலைக்கு வைத்துக் குடைப் பட்டறை போட்டாள். அவள் குடை ஒழுகவில்லை. விருபாட்சருக்கு வயிறு எரிந்தது.

ஒரே ஓலையில் இரண்டு விதி எழுதி ராஜாவிடம் நீட்டினார். சட்டாதிகாரியிடம் முத்திரை வாங்காத இடத்தில் ஆள் வைத்து வேலை வாங்கக் கூடாது, மீறினால் அன்றே பூட்டு. பத்து ஆளாவது வேலை செய்யாத இடத்துக்கு முத்திரை கிடையாது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவன் எந்தப் பக்கம் நுழைவான், சொல்லுங்கள். ராஜா வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பட்டறையைப் பூட்ட ஆள் வந்தது. எட்டு வீட்டு அடுப்பும் அந்த மழையை நம்பித்தான் இருந்தது. செங்கமலம் நேரே சபைக்குப் போனாள். ராஜா சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற வேளை.

அவள் முறையிட்டதை அரைகுறையாய்க் கேட்ட ராஜா, முத்திரை இல்லாத இடம் எதுவானாலும் இப்போதே பூட்டத்தான் வேண்டும் என்றார். விருபாட்சர் மீசைக்குள் சிரித்தார்.

"பூட்டட்டும், மகாராஜா. ஆனால் முந்நூறு ஆளை வைத்துக்கொண்டு முத்திரை இல்லாமல் ஓர் இடம் நடக்கிறது. முதலில் அதைப் பூட்டுங்கள்" என்றாள் அவள்.

"எந்த இடம் அது?" ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த அரண்மனைதான். சமையல்கட்டில் மட்டும் நாற்பது பேர். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்."

உள்ளேயிருந்து வற்றல் குழம்பு வாசனை வந்தது. ராஜா தன் வாயாலேயே மாட்டிக்கொண்டு விருபாட்சரைப் பார்த்தார். இதோ, ஒரு நொடியில் அரண்மனைக்கு முத்திரை போட்டுவிடுகிறேன் என்று விருபாட்சர் பையைத் துழாவினார்.

"உங்களை வேலைக்கு வைத்ததும் இந்த அரண்மனைதானே, ஐயா?" என்றாள் செங்கமலம். "முத்திரை இல்லாத இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் போடுகிற முத்திரை எப்படிச் செல்லும்?"

விருபாட்சரின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. ராஜா அந்த ஓலையை வாங்கி, ஆட்சிக்கு வந்து முதல் தடவையாக, எழுத்து எழுத்தாகப் படித்தார். இதுவரை யாருக்குத்தான் முத்திரை கொடுத்தீர் என்று கேட்டார். மைத்துனர் ஒருவருக்குத்தான் என்று விருபாட்சர் முனகினார்.

அங்கேயே ஓலையைக் கிழித்துப் போட்டார் ராஜா. இனி யாரும் ஆள் வைத்துத் தொழில் தொடங்கலாம். எத்தனை ஆள் இருந்தாலும் சரி, ஒரு மாதத்துக்குள் பதிந்துகொண்டால் போதும். முத்திரை போட விருபாட்சரே ஒவ்வொரு பட்டறைக்கும் நடந்து போக வேண்டும், பல்லக்கு கிடையாது. செங்கமலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எட்டுப் பேரிடமும் வேலைக்கு வாருங்கள் என்று சொல்லலாம் என்ற நினைப்பிலேயே கண் கலங்கிவிட்டது.

ராஜா தயங்கித் தயங்கி அவள் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மா, நான் சாப்பிடப் போகலாமா?"

"தாராளமாக, மகாராஜா. அரண்மனைக்கும் ஒரு மாதம் அவகாசம் இருக்கிறதே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார். விருபாட்சர் அந்த மழைக்காலம் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தார். கையில் பிடித்திருந்தது செங்கமலம் பட்டறைக் குடை. மைத்துனர் குடையை நம்ப அவருக்கே மனம் வரவில்லை.