நட்சத்திரமா, வளையமா?

பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாகக் கட்டிய ஓர் ஆஸ்பத்திரி. அதன் மூன்று கட்டிடங்களிலும் உள்ள கணினிகளை இணைக்கும் வேலை மெஹருன்னிசாவிடம் வந்தது. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார் தேவசகாயம். தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயது மூத்தவர்.

"டீச்சர், நட்சத்திர அமைப்பு நல்லதா, வளைய அமைப்பு நல்லதா?"

"போட்டுப் பாருங்க அண்ணாச்சி."

முதலில் நட்சத்திரம் போட்டார். எல்லாக் கம்பிகளும் நடு அறையிலிருந்த ஒரே சுவிட்ச் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. பார்க்க அழகாக இருந்தது. மெஹருன்னிசா வந்து அந்தப் பெட்டியை அணைத்தாள். ஆஸ்பத்திரி முழுவதும் தொடர்பு அற்றுப்போனது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கணினியோடு கணினியைக் கோத்து வளையம் போட்டார். அவள் ஒரு கணினியை அணைத்தாள். தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போனது. தேவசகாயம் சிரித்தார். அவள் வேறொரு வார்டுக்குப் போய் இன்னொன்றை அணைத்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்தவை தனித்துப்போயின.

"வேலை முடிஞ்சா சிஸ்டர்மாரு அணைச்சிட்டுத்தானே வீட்டுக்குப் போவாங்க?" என்றாள்.

அன்று முழுவதும் அவர் வார்டு வார்டாக நடந்தார். யார் எப்போது அணைப்பார்கள், எது எங்கே போக வேண்டும் என்று, திறப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த சிஸ்டர்களிடம் கேட்டார். சாயங்காலம் கிட்டத்தட்ட ஓடியே வந்து கம்பியை எடுத்தார். கட்டிடத்துக்கு ஒரு பெட்டி வைத்தார். அதனதன் கணினிகள் அதனதன் பெட்டியோடு, நட்சத்திரமாக. மூன்று பெட்டிகளும் ஒன்றோடொன்று, வளையமாக.

மெஹருன்னிசா பார்த்தாள். எதையும் அணைக்கவில்லை.

ஆஸ்பத்திரி திறந்த மறுவாரம், வெளியே சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி, பரிசோதனைக் கூடம் இருந்த கட்டிடத்துக்கும் ஆபரேஷன் தியேட்டர் இருந்த கட்டிடத்துக்கும் இடையே ஓடிய கம்பியை அறுத்துப் போட்டது. விபத்தில் அடிபட்ட ஒரு பெண் ஆபரேஷன் மேசையில் கிடந்தாள். தேவசகாயம் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணோட ரத்த ரிப்போர்ட்..."

"அப்பவே போயிருச்சே. ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு."

மூன்றாவது கட்டிடம் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூச்சிரைக்க மெஹருன்னிசாவிடம் வந்தார்.

"தாங்கிருச்சு டீச்சர்! இனி எல்லா இடத்துக்கும் இதுதான். வரைபடத்துல என்ன பேரு போட?"

"இந்த ஆஸ்பத்திரி பேரைப் போடுங்க அண்ணாச்சி. அடுத்த இடத்துக்கு, அங்கே நடந்து பார்த்துட்டு வேற வரைங்க."