பச்சைக் கட்டில் கால்

ஒரு கதைதான், அதுக்கு மேல கிடையாது. பேரம் பேசாத. போர்வையை இழுத்துக்க. நடுவுல "ம்" கொட்டணும், நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு மலை ஊர்ல ஒரு போதகர். அவருக்கு ஒரு சம்சாரம், பெர்சிஸ்னு ஒரே மக. மார்கழி வந்தா அங்க புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும். பல்லு கடகடகடன்னு ஆடும். அதனால அந்தக் கோவில்ல ஒரு பழக்கம். குளிர்காலத்துல ஞாயித்துக்கிழமை வர்ற ஒவ்வொரு வீடும் போதகர் வீட்டு அடுப்புக்கு ஒரு விறகு கொண்டாந்து கொட்டகையில போடணும்.

கேக்குறியா?

ம்.

அப்போ ஒரு ஞாயிறு, விறகுக்கு நடுவுல ஒரு பச்சைக் கட்டை. கடைஞ்சு பெயின்ட் அடிச்சது. திங்கக்கிழமை பாத்தா அதை மட்டும் காணோம். அம்மாக்காரிக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். பால்ல தண்ணியா, தண்ணியில பாலான்னு கேக்குற ஆளு. "எவனோ கை வச்சிட்டான்"னா.

அடுத்த ஞாயிறு அதே கட்டை வந்துச்சு. திங்கக்கிழமை போச்சு.

"திருடினதைத் திருப்பி வச்சு வேவு பாக்குறான்டி."

அப்போதான் பெர்சிஸ் வாய விட்டா. "மணியடிக்கிற மாசிலாமணி மாமா கொட்டகைகிட்ட நின்னாரும்மா." பாவம், அவர் கூட்டப் போனவரு. கமிட்டிக்காரங்க கூடிப் பேசி, இன்னும் ரெண்டு ஞாயிறு கழிச்சு அவரை வேலையை விட்டு அனுப்பிடறதுன்னு முடிவு கட்டிட்டாங்க. போதகர் மட்டும் ஜன்னல் வழியா கொட்டகையையே பாத்துக்கிட்டிருந்தாரு.

மூணாவது ஞாயிறும் கட்டை வந்துச்சு. திங்கக்கிழமை விடியும்போது கிரீச்சுன்னு கொட்டகைக் கதவு. பெர்சிஸ் எழுந்து ஓடினா. வெள்ளைப் புல்லு மேல பூட்ஸ் தடம். இடது குதிகால்ல ஆணி இல்ல. சனிக்கிழமை தோறும் பாலிஷ் போடுறவளுக்குத் தெரியாதா? அப்பா பூட்ஸ்!

தடத்தோடயே சரக் சரக்குன்னு போனா. அது எப்சிபாள்னு ஒரு விதவை வீடு. உள்ள டொக், டொக், டொக். போதகர் மண்டி போட்டுக் கட்டிலுக்குப் பச்சைக் காலை மாட்டிக்கிட்டிருக்காரு. அவ வீட்ல விறகே இல்ல. வெறுங்கையோட கோவிலுக்கு வரக் கூசி, வாரா வாரம் கட்டில் காலைக் கழட்டிக் கொண்டாந்திருக்கா.

வேற விறகு குடுக்கலாம்லன்னா கேக்குற? குடுத்தாரு. "கோவில் விறகையே கோவிலுக்குப் போடவா?"ன்னு திருப்பி அனுப்பிட்டா. குறுக்கப் பேசாத.

"மாசிலாமணி மாமா?"ன்னா பெர்சிஸ்.

"சொன்னா இந்தம்மா இனி கோவில் வாசப்படி மிதிக்காது. சொல்லலைன்னா அவர் சோறு போகுது. எனக்குத் தூக்கமே இல்லம்மா."

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் மாசிலாமணியை அனுப்புற அந்த ஞாயிறு வந்துச்சு. அவர் கோவில் சாவியை எடுத்து மேசையில வைக்கப் போனாரு. பெர்சிஸ் எழுந்தா. "அது ஒரே கட்டை இல்ல, வேற வேற கட்டை. எல்லாத்தையும் நான்தான் அடுப்புல வச்சேன். மாமா மேல பழி போட்டதும் நான்தான்."

அம்மாக்காரி சும்மா இருப்பாளா? "வாரா வாரம் அடுப்புச் சாம்பலை அள்ளுறது நானு. பச்சைப் பெயின்ட் எரிஞ்சா நாத்தம் வராதா? ஏய், நீ..."

அங்கயே நின்னுட்டா. கடைசி வரிசையில எப்சிபாள் ஒருத்தி மட்டும் தலையைக் குனிஞ்சு, சேலைக்குள்ள எதையோ மறைச்சிக்கிட்டு இருக்கா. முந்தானை ஓரத்துல பச்சையாத் தெரியுது.

அம்மாக்காரி மகளைப் பாத்தா. புருஷனைப் பாத்தா. அவர் பூட்ஸைப் பாத்தா.

"ஆமா, எரிச்சா. நாத்தம் இப்பத்தான் ஞாபகம் வருது. புகையில என் கண்ணே போச்சு. இனி ஒருத்தரும் விறகு கொண்டாராதீங்க, கொட்டகையில இடமில்ல. மாசிலாமணி, சாவியை எடும். மணி யாரு அடிக்கிறது?"

டாங்... டாங்...

வீட்டுக்குப் போனதும் மகளுக்குத் தலையில நறுக்குன்னு ஒரு குட்டு. பொய் சொன்னதுக்கு. அப்புறம் ஒரு முத்தம். அது எதுக்குன்னு அவ சொல்லல.

எப்சிபாள் கட்டில் நாலு காலுல நின்னுச்சு, என் கதையும் அங்கயே நின்னுச்சு. கண்ணை மூடு.