மொச்சையின் காது

நாவலேரிக் காட்டு விலங்குகளுக்கு ஒரு குரூப் இருந்தது. பெயர் ‘கண்ணும் கலரும்’. காட்டு விலங்குகளுக்குப் போன் எங்கிருந்து வந்தது என்று யாரும் குறுக்கே கேட்க வேண்டாம். அவை பேசும் என்றால் நம்புகிறீர்கள் அல்லவா, அதே மாதிரி இதையும் நம்புங்கள்.

குரூப்பில் முந்நூறு பேர். படம் எடிட் செய்வது ஒருத்தருக்கும் பிழைப்பில்லை, ஆசைதான். இரை தேடி முடித்து, ஒரு மரத்தடியில் சாய்ந்துகொண்டு, ஒரு படத்தை அப்படித் தடவி இப்படித் தடவி அழகாக்குவதில் அவற்றுக்கு ஒரு சுகம். வாரம் ஒரு போட்டி நடக்கும். ஒருத்தர் தான் எடுத்த படத்தைக் கொடுப்பார். மற்றவர்கள் அதை எடிட் செய்து போடுவார்கள். எந்தப் படத்துக்கு அதிகம் இதயம் விழுகிறதோ அது ஒரு வாரம் குரூப்பின் முகப்பில் இருக்கும். பரிசு அவ்வளவுதான். அதற்கே அத்தனை அமளி.

அட்மின் கீரி. சண்டை வந்தால் விலக்கிவிடுவதும், வெறும் காலை வணக்கம் போடுகிறவர்களைத் திட்டுவதும், பழைய போட்டிப் படங்களை வாரா வாரம் துடைத்துவிடுவதும் அதன் வேலை.

போட்டியில் பெரும்பாலும் ஜெயிப்பது குரங்கு சிங்காரம். விரல் இருக்கிறவனோடு குளம்பு இருக்கிறவன் என்ன போட்டி போட முடியும்? ஆனால் சிங்காரம் நல்லவன். தெரியாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பான். காட்டுப்பன்றி தன் ஒன்பது பிள்ளைகளோடு எடுத்த படத்தில் நான்கு பிள்ளைகள் கண்ணை மூடியிருந்தன. அத்தனை கண்ணையும் திறந்து வைத்துக் கொடுத்தவன் அவன்தான்.

ஒரு வாரம் தும்பை என்கிற முயலின் முறை வந்தது.

தும்பைக்கு ஒரே குட்டி. பிறந்தபோது மொச்சைக்கொட்டை மாதிரி சுருண்டு கிடந்ததால் அவனுக்கு மொச்சை என்று பெயர். இன்னும் பேச்சு வரவில்லை. ‘ம்மா’ மட்டும்தான் வரும்.

மொச்சைக்கு வலது காது பாதிதான். அவன் பிறந்த பத்தாம் நாள் ஒரு பருந்து இறங்கி, காதைப் பிடித்து அவனைத் தூக்கியது. தும்பை எம்பிப் பாய்ந்து அதன் மார்பில் உதைத்தாள். பருந்து பாதிக் காதோடு போனது. பிள்ளை அவளிடம் தங்கினான். பருந்தை உதைத்த முயல் அந்தக் காட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அது தும்பைக்குப் பெருமையாகப் படவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் காதைத்தான் பார்த்தார்கள். பாவமே, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போனது. வெளியே போனால் அந்தக் காது தன் பக்கம் மறையும்படி பிள்ளையை ஒட்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள்.

போட்டிக்கு, ஆவாரஞ்செடி அடியில் மொச்சை உட்கார்ந்திருக்கும் படத்தைக் கொடுத்தாள். காது தெரியாமல் எடுக்கத்தான் பார்த்தாள். அவன் ஒரு நொடி அசையாமல் இருந்தால்தானே! படம் கொஞ்சம் இருட்டு. மூக்கில் சேறு. குறுக்கே ஒரு காய்ந்த குச்சி.

முள்ளம்பன்றி ஒரு வானவில்லைப் போட்டது. காட்டெருமை பின்னால் ஒரு மலையைக் கொண்டுவந்து வைத்தது. அதில் மொச்சை மலையைவிடப் பெரியவனாகத் தெரிந்தான். குரூப் ஒரு நாள் முழுக்கச் சிரித்தது, காட்டெருமையும் சேர்ந்து சிரித்தது.

பிறகு சிங்காரத்தின் படம் வந்தது. அவன் இடது காதை அப்படியே எடுத்து, திருப்பி, வலது பக்கம் ஒட்டியிருந்தான். ஒட்டின இடம் தெரியவே இல்லை. சேற்றைத் துடைத்திருந்தான். குச்சியை எடுத்திருந்தான். சாம்பலும் மண்ணுமாக இருந்த ரோமம் பொன்னாக மின்னியது. ‘தும்பையக்கா, இது உங்களுக்கு’ என்று கீழே எழுதியிருந்தான்.

தும்பை அதைப் பார்த்து அழுதுவிட்டாள். இரண்டு காதோடு பிள்ளையை அவள் பத்து நாள்தான் பார்த்திருந்தாள்.

கடைசியாக ஆமை தன் படத்தைப் போட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து செய்த வேலை. ஆனால் மொச்சையின் கண் தெரியும்படி இருட்டை மட்டும் கொஞ்சம் விலக்கியிருந்தது. சேறு அப்படியே. குச்சி அப்படியே. காதும் அப்படியே.

ஆமையண்ணே, எடிட் பண்ணிட்டுப் போடுங்க என்று முள்ளம்பன்றி கிண்டல் செய்தது. இன்னொருத்தர், அண்ணன் பாதியிலேயே தூங்கிட்டாரு என்றார். ஆமைக்குக் கோபம் வந்தது.

“காதை எதுக்குத் தொடணும்? அதை வச்சுத்தானே அவன் மொச்சை” என்று எழுதியது.

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஆமைக்கு இதமாகச் சொல்ல வராது. முந்நூறு பேர் முன்னால் பிள்ளையின் காதைச் சொல்லிக் காட்டிவிட்டதே என்று தும்பைக்குச் சுருக்கென்றது. உங்க கண்ணுக்கும் அது மட்டும்தான் பட்டுச்சா என்று கேட்டுவிட்டாள். ஆமை பதில் எழுத ஆரம்பித்தது, நிறுத்தியது, மறுபடியும் ஆரம்பித்தது. கடைசியில் ‘ஆமை குரூப்பை விட்டு வெளியேறியது’ என்று ஒரு வரி மட்டும் வந்தது. ரோஷக்காரர், இரண்டு நாளில் வந்துவிடுவார் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, அதுவும் வரவில்லை.

சிங்காரத்தின் படத்துக்கு இருநூறு இதயத்துக்கு மேல் விழுந்தது. அது குரூப்பின் முகப்பில் ஏறியது. தும்பையும் அதையே தன் டிபியாக வைத்துக்கொண்டாள். போனில் இடமில்லை என்று வந்தபோது அசல் படத்தை அழித்தாள். பிறகு, காது தெரிகிற மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த வாரக் கடைசியில் கீரியும் வழக்கம்போல் குரூப்பில் இருந்த பழைய படங்களைத் துடைத்துவிட்டது.

ஒரு மாதம் போனது. தும்பை எழுந்தவுடன் அந்தப் படத்தைப் பார்ப்பாள். படுக்கும்போதும் பார்ப்பாள். படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தால் மனசில் ஏதோ ஒன்று இறங்கும். அப்படி இறங்குவது அவளுக்கே வெட்கமாக இருக்கும். உடனே அவனை இழுத்து நக்கிக் கொடுப்பாள். அவன் ‘ம்மா’ என்பான்.

ஐப்பசி பிறந்தது. மேற்கே மலையில் மழை கொட்டியது. நாவலேரி இன்னும் காய்ந்துதான் கிடந்தது. நடுவில் ஒரு மண்திட்டு, திட்டின் மேல் ஒரு கருவேலமரம், சுற்றிலும் வெறும் புல்.

ஒரு நாள் காலையில் தும்பை மொச்சையைப் புதரில் படுக்க வைத்துவிட்டு அறுகம்புல் மேயப் போனாள். முயல்கள் அப்படித்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஈசல் பறந்தது. மொச்சை ஈசலைப் பிடிக்கத் தாவினான். ஒன்றைத் துரத்தி, இன்னொன்றைத் துரத்தி, காய்ந்த ஏரிக்குள் இறங்கி, திட்டின் மேல் ஏறிவிட்டான். அந்த நேரம் பார்த்து மலைத் தண்ணீர் வந்து ஏரிக்குள் விழுந்தது.

தும்பை திரும்பி வந்தாள். புதர் காலியாக இருந்தது.

குரூப்பைக் குறை சொல்ல முடியாது. செய்தி போன கால் நாழிகையில் முந்நூறு பேரும் கிளம்பிவிட்டார்கள். காட்டெருமை முட்புதர்களைக் கொம்பால் விலக்கிப் பார்த்தது. சிங்காரம் கிளை கிளையாகத் தாவிக் கத்திக்கொண்டே போனான். கீரி, காட்டின் அந்தக் கோடி வரைக்கும் தெரிய வேண்டும் என்று ஓர் அறிவிப்பு எழுத உட்கார்ந்தது. படம் கேட்டது. தும்பையிடம் இருந்தது ஒரே படம். அதை அனுப்பினாள்.

அடையாளம் வேறு ஏதாவது உண்டா என்று கீரி கேட்டது.

“படத்துல இருக்கிற மாதிரியேதான் இருப்பான்” என்றாள் தும்பை.

அவள் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. பதறிப்போய்க் கண்ணை மூடியபோது அவள் மனசுக்குள் வந்து நின்றது அந்தப் படம்தான். ஒரு மாதமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்! கீரிக்கும் மற்றவர்களுக்கும் அந்த அவசரத்தில் பாதிக் காது நினைவுக்கு வரவில்லை. கீரி படத்தைப் பார்த்து எழுதியது. பொன்னிறம், நீளமான இரண்டு காது, குட்டி, காணவில்லை. அறிவிப்பு கைக்குக் கை மாறி ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனது.

அந்தப் பக்கத்தில் ஒரு நாரை இருந்தது. ஊருக்குப் புதுசு. மொச்சையை அது பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு தாய் அழுகிறாள் என்று கேட்டவுடன் இரை தேடுவதை விட்டுவிட்டு இறக்கையை விரித்தது. மழையில் நனைந்துகொண்டே ஏரியைச் சுற்றியது.

உச்சிப்பொழுதில் திட்டின் மேல் ஒரு முயல்குட்டியைப் பார்த்தது. மழைச் சத்தத்தில் குட்டி வாயைத் திறப்பது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. நாரை படத்தை நினைத்துப் பார்த்தது. அந்தக் குட்டி பொன்னிறம். இதுவோ சேறும் சாம்பலும். அந்தக் குட்டிக்கு இரண்டு காது. இதற்கு ஒன்றரை. இது வேறு யார் பிள்ளையோ, இதன் அம்மா வந்து அழைத்துப்போவாள் என்று நினைத்துக்கொண்டு, காணாமல்போன குட்டியைத் தேடி வேகமாகப் பறந்தது.

பிற்பகலில் மறுபடியும் அந்த வழியாக வந்தது. திட்டு சுருங்கியிருந்தது. குட்டி கருவேலமரத்தின் தூரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்தது. நாரைக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒரு தாய் காத்துக்கொண்டிருக்கிறாளே, இங்கே நின்றால் அந்தப் பிள்ளையை யார் தேடுவது?

பொழுது சாயும் வேளையில் எல்லாரும் ஏரிக்கரையில் கூடினார்கள். யாரிடமும் நல்ல செய்தி இல்லை. நாரை இறங்கி வந்தது. இறக்கையைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

“எல்லா இடமும் பார்த்துட்டேம்மா. உங்க பிள்ளை இல்லை. திட்டு மேல ஒரு குட்டி இருக்கு. அது வேற குட்டி. அதுக்கு ஒரு காது பாதிதான். தண்ணி ஏறுது, அதோட அம்மாவுக்கு யாராவது சொல்லி விடுங்க.”

எல்லாரும் தும்பையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தான் அவனோட அம்மா” என்றாள் தும்பை.

அவள் தண்ணீரில் பாய்ந்தாள். சிங்காரம் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இல்லாவிட்டால் அவளும் போயிருப்பாள். கரையில் எழுந்த கூச்சலைக் கேட்டு ஆமை தண்ணீருக்கு மேல் தலையை நீட்டியது. இதே ஏரியில், திட்டுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் அது காலையிலிருந்து தண்ணீருக்கடியில் இருந்தது. அதற்கு யாரும் சொல்லவில்லை. அது குரூப்பில் இல்லையே! கீரி அழுதுகொண்டே திட்டைக் காட்டியது. ஆமை ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பி நீந்தியது. ஆமை அவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

திட்டு இருந்த இடத்தில் கருவேலமரத்தின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. ஆமை முங்கியது. வெளியே வந்தது. மறுபடியும் முங்கியது.

அது திரும்பி வந்தபோது மொச்சை அதன் முதுகில் இருந்தான். உயிர் இல்லை.

தும்பை பிள்ளையைக் கரையில் கிடத்தினாள். தண்ணீரில் கழுவினதில் சேறு போயிருந்தது. அவள் அந்தப் பாதிக் காதை நக்கிக்கொண்டே இருந்தாள். முந்நூறு பேர் பார்த்தார்கள். அவள் மறைக்கவில்லை.

நாரை தலையைக் குனிந்துகொண்டு, ரெண்டு தடவை பார்த்தேனே, ரெண்டு தடவை பார்த்தேனே என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் மேல் என்ன தப்பு? சிங்காரம் தன் விரல்களைப் பார்த்தபடி நின்றான். அந்தக் காதை ஒட்டியதே அவனுக்கு நாரை சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாதத்துக்கு நாற்பது படம் செய்கிறவனுக்கு ஒன்று மறந்துவிட்டது. ஆமைக்கும் மனசு ஆறவில்லை. ரோஷப்பட்டுப் போகாமல் இருந்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும், நீந்திப் போய் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம்!

மூன்றாம் நாள் தும்பை ஏரிக்கரைக்கு வந்து ஆமையைக் கூப்பிட்டாள்.

“அன்னைக்கு நீங்க செஞ்ச படம் இருக்கா?”

“அழிக்கலம்மா” என்றது ஆமை.

அது போனை எடுத்து அவள் முன்னால் வைத்தது. ஆவாரஞ்செடி. குறுக்கே ஒரு குச்சி. மூக்கில் சேறு. கண்ணில் வெளிச்சம். பருந்திடமிருந்து அவள் பிடுங்கி வைத்துக்கொண்ட பிள்ளை, ஒன்றரைக் காதோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போனைக் காலால் அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இவனைத்தானே நான் தேடச் சொல்லியிருக்கணும்” என்றாள்.

நம் பிள்ளையின் குறையைத் துடைத்துவிட்டு அழகு பார்த்தால், அவன் தொலைந்துபோகும் நாளில் நாம் தேடுவது அவனையாக இருக்காது.